நானே நேரில் நின்று செய்ததாக

ராமதாஸ் அண்ணன் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தது 2004, பிப்ரவரி 23, திங்கட்கிழமை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன். எழுந்து நடமாட மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதம் கம்பெனி நிற்கக் கூடாது, கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அது பட்டறை. அதற்கு முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை, அது ஆபீஸ். கடை, வீடு, மண்டபம் எதுவானாலும் உள்வேலை செய்து கொடுப்போம். மரவேலைக்குப் பதினொரு பேர். அவர்களுக்கு மேஸ்திரி பேயாண்டி. டிசைன் முழுக்க ராமதாஸ் அண்ணன் கை. கொட்டேஷன், கடிதப் போக்குவரத்து, சைட் மேற்பார்வை என் பொறுப்பு. உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு 1990இல் அவரிடம் வந்து சேர்ந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் முதலில் என்னை வைத்துக்கொண்டார்.

பத்திர எழுத்தரிடம் இன்டீரியர் டெக்கரேஷன் என்று சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. "உள்ளலங்காரத் தொழில்னு போட்டுக்கிறேன்" என்றார். அவரிடம் இருந்தது நிலத்துக்கான மாதிரிப் படிவம். அதிலேயே எங்கள் தொழிலையும் நுழைத்துவிட்டு, நஞ்சை, புஞ்சை, கிணறு, பம்புசெட், மா, தென்னை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார். படித்துப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார்.

"அழகு, நம்மகிட்ட இல்லாத தென்னை மரத்தையும் நீ வெட்டிக்கிறலாம்."

கடைசிப் பாராவை நான் சத்தமாகப் படித்தேன். மேற்படி ஏஜெண்ட் அழகுராஜா என் சார்பில் செய்யும் காரியங்கள் அனைத்தையும் நானே நேரில் நின்று செய்ததாக ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்தை நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும். நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாம் நகர்ந்தால் கண் கூடவே வராது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் கையெழுத்துப் போட்டேன். ராமதாஸுக்காக, பவர் ஏஜெண்ட், அழகுராஜா. பிளைவுட் லோடுக்கு, மின் இணைப்பு விண்ணப்பத்துக்கு, பட்டறை வாடகை ஒப்பந்தத்துக்கு. ஆட்கள் என் பெயரை மறந்து பவரு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி பேயாண்டிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"என்ன மாப்ள, இன்னைக்கு ரெண்டு பேஸா, மூணு பேஸா?"

"வேலையப் பாருங்கண்ணே."

"இல்ல, கேட்டு வச்சுக்கிறேன். திடுதிப்புன்னு பவர் போயிட்டா நாங்க மெழுகுவத்தி வாங்கணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வேலை குறைந்துகொண்டு வந்தது. எங்களிடம் வருகிறவர்கள் அண்ணனுக்காக வருகிறவர்கள். அவர் பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு, பென்சிலால் நிஜ அளவிலேயே வரைந்து காட்டுவார். வாடிக்கையாளர்கள் அந்தக் கோட்டின் மேல் நின்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வேறு யாரும் செய்ய முடியாது. ஜூன் வந்தபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. சமயநல்லூரில் ஒரு அறக்கட்டளை கட்டிக்கொண்டிருந்த திருமண மண்டபம். மேடை, சுவர்ப் பலகை, சீலிங் எல்லாவற்றுக்கும் அண்ணன் ஜனவரியிலேயே வரைந்து முடித்துவிட்டார். பதினேழு ஷீட். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம். அதற்குள் அண்ணன் ஓரளவு தேறிவிடுவார் என்று எல்லோரும் நம்பினோம். அந்த வேலை போனால் கம்பெனி இல்லை. இது எனக்கும் தெரியும், பேயாண்டிக்கும் தெரியும், அண்ணனின் மனைவி ஹம்சவேணி அக்காவுக்கும் தெரியும்.

அறக்கட்டளைச் செயலர் நல்லகாமன் ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒர்க் ஆர்டர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், பணி ஆணை என்றுதான் சொல்ல வேண்டும். பிளைவுட்டுக்கு ஒட்டுப்பலகை, மைக்காவுக்கு மேல்தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஜூன் 21ஆம் தேதி போனேன். பவர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

"தென்னை மரமெல்லாம் இருக்கு?"

"அது எழுத்தர் பண்ணது ஐயா."

"சரி. ராமதாஸ் எப்படி இருக்காரு?"

"பரவாயில்லங்கய்யா."

இந்த வார்த்தையை நான் மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஐயா போகவில்லை.

"பரவாயில்லைன்னா என்ன தம்பி? புத்தி தெளிவா இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் தன் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அறக்கட்டளை வக்கீல் எழுதிக் கொடுத்தது. பவர் கொடுத்தவர் சுயநினைவோடும் தெளிந்த அறிவோடும் இருப்பதாக, மாதம் ஒருமுறை டாக்டர் கடிதம் தர வேண்டும். தராத மாதம் வேலையை நிறுத்திவிட்டு, பணியைத் திருப்பி ஒப்படைத்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நான் சந்தேகப்பட்டுக் கேக்கல. நாளைக்கு எவனும் என்னையக் கேள்வி கேக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

அங்கிருந்து நேராக எங்கள் வக்கீலிடம் போனேன். மாவட்டக் கோர்ட்டுக்கு எதிரில் மாடியறை. நான் கேட்டது இதுதான்: உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்வதற்கென்றே எழுதிக் கொடுத்த பவர், உடம்புக்கு முடியாமல் போன பிறகு எப்படிச் செல்லாமல் போகும்?

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு எழுதி வாங்குறாங்க. குடுத்தவருக்கு அதைத் திருப்பி வாங்கிக்கிற அறிவு இருக்கிற வரைக்கும்தாங்க பவருக்கு உசுரு. 'அழகுராஜா, குடுத்தது போதும், கொண்டா'ன்னு அவரு உங்களக் கேக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப ஆஸ்பத்திரியில அவருக்கு நினைவு தப்புச்சு பாருங்க, அன்னைக்கே இதுவும் போச்சு."

மார்ச் மூன்றாம் தேதிக்குப் பிறகு நான் போட்ட கையெழுத்துகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்குக் குறையாது.

வேறு வழி உண்டா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அக்கா கோர்ட்டில் மனுப் போட்டு, தன்னைப் பொறுப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். மாதிரி மனு ஒன்றைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா கூடத்து விளக்குக்குக் கீழே நின்று படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

"சித்தசுவாதீனம் இல்லாதவர். இது என்ன அழகு?"

"கோர்ட்டு பாஷைக்கா. நினைவில்லைங்கிறதுக்கு அதத்தான் போடுவாங்களாம்."

"நினைவில்லைன்னா நினைவில்லைன்னு போட வேண்டியதுதான? பைத்தியம்னுல போட்டிருக்கு."

"அப்படி இல்லக்கா."

"படிக்கிறவங்களுக்கு அப்படித்தான். வித்யாஸ்ரீக்கு ரெண்டு எடத்துல பேசிக்கிட்டு இருக்கோம். அவ அப்பாவுக்குப் புத்தி சரியில்லைன்னு நானே கோர்ட்டுல போய் எழுதிக் குடுக்கணுமா?"

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அக்கா சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆக, மிச்சமிருந்தது டாக்டர் கடிதம் ஒன்றுதான். அண்ணனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் தர மாட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இளம் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். தருமபுரிக்காரர், மதுரைக்கு வந்து ஏழெட்டு மாதம்தான். பிரஷர் பார்க்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போவார், நல்ல மனுஷர். ஜூலை 5, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். டாக்டர் சான்று கேட்டு நல்லகாமன் ஐயா கொடுத்திருந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"பணி ஆணை எண் நாலு. ஓகோ, ஒர்க் ஆர்டரா? நான் பாக்கறதத்தான் எழுத முடியும், புரியுதுங்களா?"

"அது போதும் சார்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா தலைமாட்டில் நின்றார். ஜன்னல் மேடையில் ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் இருந்தன. அண்ணனுக்கு ஸ்பூனால்தான் தண்ணீர் கொடுப்பது.

"ராமதாஸ் சார், நான் பேசறது கேக்குதா? உங்க சார்பா இவரு கையெழுத்துப் போடலாமா?"

ஒன்றுமில்லை. டாக்டர் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அண்ணனின் உதடு அசைந்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"பணி."

டாக்டர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "பணின்னு சொன்னாருல்ல? அந்தப் பணி ஆணையத்தான கேக்குறாரு?"

அண்ணன் மறுபடியும் சொன்னார். "பணி. பணி."

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பதினாலு வருஷத்தில் எனக்கு அதில் பத்துப் பன்னிரண்டு சொல் பழகியிருந்தது. பாணி என்றால் தண்ணீர். நாக்கு ஒருபக்கமாக இழுத்திருந்ததால் நெடில் நிற்கவில்லை, குறுகிப்போய்விட்டது. தமிழ்க் காதுக்கு அது பணிதான். டாக்டர் அப்போதுதான் அந்தச் சொல்லைக் கடிதத்தில் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் கை டம்ளர் பக்கம் போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையை எடுத்து முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"தொழில் மேல அவ்ளோ நெனப்பு" என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பையைத் திறந்து லெட்டர்பேடை எடுத்தார். நோயாளி கேள்வியைப் புரிந்துகொள்கிறார், தன் தொழில் பற்றி விசாரிக்கிறார், பாதிப்பு பேச்சில் மட்டுமே. இதை அவர் நிதானமாக எழுதினார். பெயருக்கு எழுத்து சரியா என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். தேதி போட்டார். முத்திரை காய வேண்டும் என்று ஊதினார். இவ்வளவுக்கும் கட்டிலிலிருந்து அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. நான் எண்ணவில்லை. ஏழெட்டுத் தடவை இருக்கும்.

டாக்டர் வாசல் தாண்டிய பிறகு அக்கா ஸ்பூனை எடுத்தார். அண்ணன் குடித்தார்.

கடிதத்தைப் பார்த்து நல்லகாமன் ஐயா மகிழ்ந்துபோனார். "பாருங்க தம்பி, ஆங்கிலத்துல சொல்லாம பணின்னே சொல்லியிருக்காரு" என்றார். நான் ஆமாங்கய்யா என்றேன்.

ஜூலை முழுவதும் வேலை நடந்தது. அண்ணனின் ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பேயாண்டி மேடைக்குச் சட்டம் அடித்தார். அவர் என்னிடம் ஒருநாள் கேட்டார்.

"மாப்ள, அண்ணன் பேசுனாராமே. என்னையக் கேட்டாரா?"

"ஒரு சொல்லுதாண்ணே வந்துச்சு."

"ஒண்ணு வந்துருச்சுல்ல. இனி ஒவ்வொண்ணா வந்துரும். வாயத் தொறந்தா முதல்ல என்னையத்தான் வைவாரு. இந்தச் சட்டம் ரெண்டு நூல் அளவு கோணிக்கிட்டு நிக்குது, அதப் பாத்தாருன்னா செத்தேன்."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை. அதன்பின் அண்ணன் வேறொரு சொல்லும் பேசவில்லை. அந்த ஒரு சொல் மட்டும், தாகம் எடுத்தால் வந்தது. அக்கா தண்ணீர் கொடுத்ததும் நின்றது. தாகம் தீர்ந்துவிட்டால் அவரிடம் யார் என்ன கேட்டாலும் பதில் இல்லை. ஜூலை 12, 19, 28 ஆகிய மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்து மண்டபத்து வேலையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். மேடை என்றேன், பேயாண்டி என்றேன், வித்யா என்றேன். கண் இமைத்தது. அதற்கு மேல் இல்லை.

ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. இரண்டாவது கடிதம் வாங்க வேண்டிய நாள். டாக்டர் பதினொரு மணிக்கு வருவார். நான் பத்தரைக்கே போய்விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. பணி, பணி என்று, விடாமல். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். போன மாதம் கேட்டதைவிடத் தெளிவாகவே இருந்தது.

ஜன்னல் மேடையில் டம்ளர் இல்லை. அக்கா அடுக்களை வாசலில், அறைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"தண்ணி வேணுமாம்க்கா."

"தெரியும்."

"குடுக்கலையா?"

"ராத்திரி ஒம்பது மணிக்குக் குடுத்தது. டாக்டர் வந்துட்டுப் போகட்டும் அழகு. இன்னும் அரை மணி நேரம்தான்."

திரும்பாமலே சொன்னார். அக்காவைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நான்கு மாதமாகப் படுக்கைப் புண் வராமல் அண்ணனைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தது அவர்தான். போன மாதம் நான் தரையைப் பார்த்தேன். அதிலிருந்துதான் இது வந்தது. கடிதம் வேண்டுமென்றால் தாகம் வேண்டும் என்று அக்காவுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன், ஒரு வார்த்தை பேசாமல்.

அண்ணனைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. வாயோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கண் ஜன்னல் மேடையில், டம்ளர் இருக்கும் இடத்தில் நிலைத்திருந்தது. அது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மாதம் ஒருமுறை. மண்டபம் முடிய இன்னும் பத்து மாதம். அவ்வளவு தூரம் யோசித்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். அக்கா வழிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும் எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதல் ஸ்பூனில் பாதி வெளியே வழிந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கொடுத்தேன். முழு டம்ளரும் குடித்தார். இன்னொன்று கொண்டுவந்தேன், அதிலும் பாதி குடித்தார். அக்கா வந்து துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டார்.

டாக்டர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். போன மாதத்தைப் போலவே கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார், மூச்சு சீராக இருந்தது. டாக்டர் அவரே ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"பணி சார். பணி ஆணை. ஞாபகம் இருக்குங்களா?"

பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். லெட்டர்பேட் மடியிலேயே இருந்தது.

"போன தடவை நல்லா சொன்னாரே. நான் இப்ப என்னன்னு எழுதறது?"

"நீங்க பாத்தத எழுதுங்க" என்றார் அக்கா.

அவர் எழுதியது ஒரு வரி. அதை நான் நல்லகாமன் ஐயாவிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோய் என்ன ஆகப்போகிறது.

பட்டறைக்குப் போய்ப் பேயாண்டியிடம் சொன்னேன். ஆட்களை வேறு இடம் பார்க்கச் சொல்லச் சொன்னேன். அவர் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பவர் போயிருச்சா மாப்ள?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரும் கேலிக்குக் கேட்கவில்லை.

அன்று மதியம் ஆபீஸில் உட்கார்ந்து அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன். பார்வை: தங்கள் பணி ஆணை எண் 4. பொருள்: பணியைத் திருப்பி ஒப்படைத்தல். மேடைச் சட்டம் வரை முடிந்திருப்பதையும், மண்டபத்தில் கிடக்கும் எங்கள் சாமான்களையும் வரிசையாகக் குறிப்பிட்டேன். அண்ணன் வரைந்த பதினேழு ஷீட்டுகளை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்தேன். நல்ல தாளில் பிரதி எடுத்தேன். கடைசியில் இப்படிக்கு என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினேன்.

அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பவர் ஏஜெண்ட் என்று போட்டால் பொய். வெறும் அழகுராஜா என்று போட்டால், அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்க நான் யார்? வக்கீலுக்குப் போன் செய்து கேட்டேன்.

"விடுறதுக்கும் அதிகாரம் வேணும்ல தம்பி" என்றார். "எடுக்கிறதுக்கு மட்டுமா பவரு?"

பட்டறையைக் காலி செய்ய, மின் இணைப்பைத் துண்டிக்க, போர்டை இறக்க, எல்லாவற்றுக்கும் இதே கதைதான் என்றார். மனுவைப் பற்றி அக்காவிடம் இன்னொருமுறை பேசிப் பாருங்கள் என்றார். சரி சார் என்றேன். பேசவில்லை.

கையெழுத்து இல்லாமலே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆகஸ்ட் 17ஆம் தேதி அது திரும்பி வந்தது. நல்லகாமன் ஐயா அதன் மேல் மூலையில் சிவப்பு மையில் அழகாக எழுதியிருந்தார்: கையொப்பம் இல்லாமையால் ஏற்பதற்கில்லை. உரியவர் கையொப்பமிட்டு மீண்டும் அனுப்புக.